ஓர் அறையில் வாழ்ந்த ஆசார்யர்

ரசாயனம் படித்தவர்கள்கூட ஆசார்ய பிரபுல்ல சந்திர ரேயை மெர்க்குரஸ் நைட்ரைட் என்ற சேர்மத்தைத் தயாரித்தவர் என்ற அளவில்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்டுபிடிப்பு பெரியதுதான். ஆனால் அவர் வாழ்ந்த விதம் அதைவிடப் பெரியது என்பது என் எண்ணம்.

1861 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, இன்று பங்களாதேஷில் குல்னா மாவட்டத்தில் உள்ள ராருலி கிராமத்தில், வசதியான ஜமீன் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் கடுமையான சீதபேதி வந்து பள்ளிப் படிப்பே தடைப்பட்டது. உடல்நலம் கடைசிவரை சுமார்தான். அதனால் உணவிலும் பழக்கவழக்கத்திலும் கட்டுப்பாடு சிறு வயதிலேயே படிந்துவிட்டது. கில்கிறிஸ்ட் உபகாரச் சம்பளம் பெற்று 1882-ல் எடின்பரோ சென்றார். 1887-ல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்று, மறு வருடம் தாயகம் திரும்பினார்.

இவ்வளவு படித்தவருக்கு 1889-ல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் கிடைத்தது மாதம் 250 ரூபாய் சம்பளத்தில் உதவிப் பேராசிரியர் பதவி. ஆங்கிலேயர்களுக்கு உயர்ந்த இம்பீரியல் சர்வீஸ், இந்தியருக்கு மாகாண சர்வீஸ் என்ற காலம் அது. இந்தப் பாகுபாட்டை அவர் வெளிப்படையாகவே கண்டித்தார். ஆகவே, பணத்தின் மதிப்போ பதவியின் மதிப்போ தெரியாத அப்பாவி என்று அவரை நினைத்துவிடக் கூடாது.

அவருக்கு வியாபாரமும் தெரியும். குமாஸ்தா வேலைக்காக அலையும் வங்காள இளைஞர்களுக்கு ஒரு வழி காட்ட வேண்டும் என்று, 1892-ல் வெறும் 700 ரூபாய் முதலில், தான் குடியிருந்த அப்பர் சர்க்குலர் ரோடு வாடகை வீட்டிலேயே மருந்து தயாரிக்கத் தொடங்கினார். மாட்டெலும்புகளை வாங்கி மொட்டை மாடியில் உலர்த்தியபோது அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். அந்தச் சிறு முயற்சிதான் 1901-ல் லிமிடெட் கம்பெனியான பெங்கால் கெமிக்கல். 1980-ல் மத்திய அரசு அதை நாட்டுடைமையாக்கியது.

1902-ல் காந்திஜி கல்கத்தாவில் கோகலேயின் விருந்தினராக ஒரு மாதம் தங்கினார். ரே பக்கத்து வீட்டுக்காரர். அவரை கோகலே எவ்வாறு அறிமுகப்படுத்தினார் என்பதைக் காந்திஜி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்போது ரேயின் மாதச் சம்பளம் 800 ரூபாய். தமக்கென்று வைத்துக்கொண்டது 40 ரூபாய். மீதியெல்லாம் பொதுக் காரியங்களுக்குப் போயிற்று.

1916-ல் பிரெசிடென்சி கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று, பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் ரசாயனத்துக்கான பாலித் பேராசிரியரானார். மறு வருடம், நிதித் துறையின் உயர்ந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு அதே கல்லூரியில் பௌதிகத்துக்கான பாலித் பேராசிரியராக வந்து சேர்ந்தவர் நம் சர் சி.வி. ராமன்.

ரே கல்லூரிக் கட்டிடத்திலேயே ஓர் அறையில் குடியிருந்தார். இரும்புக் கட்டில், சிறு மேஜை, நாற்காலி, அலமாரி நிறையப் புத்தகங்கள், இவ்வளவுதான் சொத்து. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் தனியாகவும் இருக்கவில்லை. ஏழை மாணவர்கள் பலர் அவருடனேயே தங்கி, அவர் செலவிலேயே படித்தார்கள். 1921-ல் 60 வயது நிறைந்ததும், அதன்பின் வரும் சம்பளம் முழுவதையும் ரசாயனத் துறைக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் பல்கலைக்கழகத்திடமே விட்டுவிட்டார். 15 வருடங்கள் அப்படியே நடந்தது. நாகார்ஜுனர் பெயரில் ஒரு ரசாயனப் பரிசு ஏற்படுத்த 10,000 ரூபாயும் தந்தார்.

1922-ல் வடக்கு வங்காளத்தில் பெரு வெள்ளம். 61 வயதில் நிவாரணக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். பணமும் பொருளுமாகச் சுமார் 25 லட்ச ரூபாய் சேர்ந்தது. அறிவியல் கல்லூரியே நிவாரண அலுவலகமாயிற்று. தமக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளாதவர் கேட்டதால் ஜனங்கள் தயங்காமல் கொடுத்தார்கள் என்றே தோன்றுகிறது.

1936-ல் 75-வது வயதில் பணியிலிருந்து விலகினார். அதன் பிறகும் அதே அறைதான். 1944 ஜூன் 16 அன்று அங்கேயே, மாணவர்களும் நண்பர்களும் சூழ்ந்திருக்க, அவர் உயிர் பிரிந்தது.

குடும்பஸ்தர்களான நம்மால் 800-ல் 40 மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. குழந்தைகளின் படிப்பு, கல்யாணம், வைத்தியம் என்று நியாயமான தேவைகள் உண்டு. ரேயும் பணத்தை வெறுத்தவர் அல்லர். பணமில்லாமல் தொழிற்சாலையும் இல்லை, உபகாரச் சம்பளமும் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அது தம்மிடம் தங்க வேண்டியதில்லை என்று மட்டுமே நினைத்தார்.

பென்ஷன் வாங்கும் வயதில் நமக்குப் புதிதாகத் தேவைப்படுவது அதிகம் இல்லை. வீட்டில் உபயோகிக்காத அறையும், பீரோவில் பிரிக்காத துணியும் பலரிடம் இருக்கின்றன. வசதியில்லாத ஒரு மாணவனின் ஒரு வருடப் படிப்புச் செலவை ஏற்பது நம்மில் பலருக்குச் சாத்தியமானதே. வருகிற ஜூன் மாதம் கல்லூரிகள் திறப்பதற்குள் அன்பர்கள் இதைப் பற்றி யோசித்தால் நன்றாக இருக்கும்.