தலைச்சுற்றின் காரணத்தைக் காதில் கண்டவர்

விழிஞ்ஞம் கடற்பாறைகளில் சிப்பி எடுக்க முழுகுகிறவர்கள் உண்டு. செவிப்பறையில் ஓட்டை உள்ளவர் அப்படி முழுகினால், குளிர்ந்த நீர் காதுக்குள் புகுந்து தலை கிறுகிறுக்கும். மேல் எது, கீழ் எது என்றே தெரியாமல் போகும். காதுக்கும் தலைச்சுற்றுக்கும் உள்ள இந்த உறவைச் சோதித்துக் காட்டியவர் டாக்டர் ராபர்ட் பாரானி.

1876 ஏப்ரல் 22-ல் வியன்னா நகரில் பிறந்தார். சிறு வயதில் எலும்பைத் தாக்கிய காசநோயால் அவருடைய முழங்கால் ஒன்று நிரந்தரமாக விறைத்துப் போயிற்று. ஆனாலும் தளராமல் படித்து 1900-ல் டாக்டர் ஆனார். 1903 முதல் வியன்னாவின் காது சிகிச்சைப் பிரிவில் பணியாற்றினார்.

அங்கே நோயாளிகளின் காதை நீர் பீய்ச்சிக் கழுவும்போது பலர் தலை சுற்றுவதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் பொருட்படுத்தாத இந்த முறையீட்டைப் பாரானி கவனித்தார். நீர் குளிர்ந்திருந்தால் நோயாளியின் கண்கள் ஒரு பக்கமாகத் துடித்தன. சூடாக இருந்தால் எதிர்ப்பக்கமாகத் துடித்தன. உடற்சூட்டில் இருந்தால் துடிப்பே இல்லை. உட்காதிலுள்ள அரைவட்டக் குழல்களின் திரவம் சூட்டாலும் குளிராலும் அசைவதே காரணம் என்று கண்டார். உடலின் சமநிலையைக் காக்கும் அந்த உறுப்பைச் சோதிக்க எளிய வழி பிறந்தது.

முதல் உலகப் போரில் ராணுவ டாக்டராகச் சென்றவர் 1915-ல் ரஷ்யர்களிடம் சிறைப்பட்டார். 1914-ம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு என்ற செய்தி சிறை முகாமில்தான் எட்டியது. ஸ்வீடன் இளவரசர் கார்லின் முயற்சியால் 1916-ல் விடுதலையானார். வியன்னா திரும்பியவர் மீது, பிறர் ஆராய்ச்சிக்கு உரிய மதிப்பளிக்கவில்லை என்று சக டாக்டர்கள் குறை கூறினர். மனம் நொந்து 1917-ல் ஸ்வீடனிலுள்ள உப்சாலா சென்றார். படுக்கையில் புரளும்போதும் தலையைச் சாய்க்கும்போதும் வரும் தலைச்சுற்றை 1921-ல் விவரித்தார். அறுபது வயது நிறைய இரண்டு வாரம் இருக்கையில், 1936 ஏப்ரல் 8-ல் காலமானார்.

உட்காதில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்வதால் இவ்வகைத் தலைச்சுற்று வருகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. தலையை முறைப்படி சாய்த்துத் திருப்பியே பலரை மாத்திரையின்றிக் குணமாக்குகிறார்கள் இன்றைய டாக்டர்கள்.

எனவே தலை சுற்றினால் பித்தம் என்று சொல்லி மோர் குடித்து இருந்துவிடாமல், காது டாக்டரிடமும் காட்டுவது நல்லது. கூடவே பேச்சுக் குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ அது மூளையைத் தாக்கும் பக்கவாதமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.