மூக்குச் சிந்தக் கற்பித்த அம்மையார்

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டங்களில் மொண்டிசோரி என்பது ஓர் ஆளின் பெயர் என்று எவரும் எண்ணுவதில்லை. அது ஓர் இடம். சின்னஞ் சிறார் கூடும் கட்டடம். பிள்ளை மொண்டிசோரிக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தாய் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொள்கிறாள். ஒருவர் பெயர் இப்படி ஊர்ப்பேச்சிற் கலந்துவிடுவது பெரும் புகழே. ஆனால் பெயர் நிலைத்து, பெயருக்குரியவர் மறைந்துபோனாரே என்ற குறையும் எனக்கு உண்டு.

கெஹெல்கமு ஓயாக் கரையில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் எனக்கு அக்குறை இப்போது மிகுதியாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. சமூக மனவெழுச்சிக் கற்றல் என்றொரு தொடர் ஆசிரியர் கூட்டங்களில் அடிக்கடி ஒலிக்கிறது. தன் உள்ளத்தை அறிதல், சினத்தை ஆளுதல், பிறர் துயரை உணர்தல், கூடி வாழ்தல் ஆகியவற்றைக் கல்வியோடு சேர்த்துப் பிள்ளைக்குப் பழக்குதல் என்பது அதன் பொருள். நல்ல காரியம். ஆயினும், அதற்கென ஒரு பாடவேளையை ஒதுக்கி, சிரித்த முகமும் அழுத முகமும் வரைந்த படத்தைச் சுவரில் மாட்டிவிட்டாற் போதும் என்று நம்மிற் பலர் நினைக்கிறோம். மரியா மொண்டிசோரி அம்மையாரின் வரலாறு அந்நினைப்புக்கு நேர்மாறானது.

அம்மையார் 1870 ஆகஸ்ட் 31இல் இத்தாலியில் கியாரவல்லே என்னும் ஊரிற் பிறந்தார். 1896இல் உரோமாபுரிப் பல்கலைக் கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். அந்நாட்டில் அப்பட்டம் பெற்ற முதற் சில பெண்களுள் அவர் ஒருவர். உடன் பணியாற்றிய வைத்தியர் ஒருவர்பாற் கொண்ட காதலின் பயனாக 1898இல் மரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நிகழவில்லை. அக்காலச் சமுதாயத்துக்கு அஞ்சிக் குழந்தை நாட்டுப்புறத்துக் குடும்பமொன்றில் வளர்க்கப்பட்டது. தாய் போய்ப் பார்த்து வருவார். தாம் தாய் என்று சொல்லமாட்டார். உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் வழி கண்டவர் தம் குழந்தையை வளர்க்க இயலாது நின்றார் என்பதைச் சிலர் ஏளனமாகச் சொல்வதுண்டு. எனக்கு அப்படிச் சொல்ல நா எழவில்லை. வீட்டுப்பணிக்கென மத்திய கிழக்குக்குப் போன தாயை எண்ணிக்கொண்டு பாட்டியின் கைபிடித்து வரும் பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. பிரிந்து போனவள் அன்பில்லாதவள் என்று அவர்கள் எவரும் என்னிடம் சொன்னதில்லை.

உரோமாபுரியின் சான் லொரென்சோ என்பது வறியோர் குடியிருந்த பகுதி. பெற்றோர் விடியலில் வேலைக்குப் போய்விட, சிறுவர் நாள் முழுதும் படிக்கட்டுகளிலும் சுவர்களிலும் கைவரிசை காட்டினர். கட்டடத்தைச் செப்பனிட்ட நிறுவனத்துக்குச் சுவரைப் பற்றியே கவலை! பிள்ளைகளை ஓர் அறையில் அடக்கி வைக்குமாறு அம்மையாரை வேண்டிக்கொண்டது. 1907 சனவரி 6இல் அவ்வறை திறக்கப்பட்டது. அதுவே புகழ்பெற்ற குழந்தைகள் இல்லம். நம் நாட்டில் கிராமப் பாடசாலைச் சட்டம் வந்ததும் அதே 1907இல்தான். தோட்டத்துத் துரைமார் தம் தொழிலாளரின் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. பெரட்டுக்குப் போகும் தாய், லயத்தில் தங்கும் பிள்ளை, உடைமைமீது கண்ணுடைய முதலாளி என அங்கும் இங்கும் நிலைமை ஒன்றே. அங்கே ஓர் அம்மையார் வாய்த்தார்.

அவ்வில்லத்தில் அவர் நடத்திய பாடங்களுள் என் மனத்தை விட்டகலாதது மூக்குச் சிந்தும் பாடம். கைக்குட்டையை எவ்வாறு மடிப்பது, ஓசையின்றி, பிறர் கண்ணிற் படாமல் எவ்வாறு மூக்கைத் துடைப்பது என்று ஒருநாள் சற்று வேடிக்கையாகச் செய்து காட்டினார். பிள்ளைகள் மூச்சடக்கிப் பார்த்திருந்தனர். முடிந்ததும் நாடக அரங்கிற் போலக் கைதட்டி ஆரவாரித்தனர்! அம்மையார் திகைத்துப் போனார். பிறகுதான் விளங்கிற்று. மூக்கொழுகுவதற்காக அப்பிள்ளைகள் ஓயாது வசைபட்டவர்கள். அதனைச் செய்யும் முறையை யாரும் இழிவுபடுத்தாமற் கற்பித்ததில்லை. பிள்ளைக்கும் மானம் உண்டு என்பதை அன்று அவர் கண்டார். பனியும் மழையும் ஓயாத இம்மலையில், ஆசிரியர் வாயில் ஒருநாளைக்கு எத்தனை முறை மூக்கைப் பற்றிய ஏச்சு வருகிறது என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

மற்றொரு நாள், நான்கு மாதக் குழந்தையொன்றைத் தாயின் கையிலிருந்து வாங்கி வகுப்புக்குள் கொண்டுவந்தார். இது எவ்வளவு அமைதியாக இருக்கிறது, உங்களால் இயலுமா என்று கேட்கும் பாவனையில் நின்றார். அறை அடங்கியது. பிறகு அடுத்த அறையிலிருந்து ஒவ்வொருவர் பெயரையும் மெல்லிய குரலில் அழைப்பார். அழைக்கப்பட்டவர் ஓசையின்றி எழுந்து செல்வார். மற்றவர் தம் முறைக்குக் காத்திருப்பார். பிரம்பின்றிப் பிறந்த அமைதி அது. கற்கும் கருவிகளையும் வகைக்கு ஒன்றாகவே வைத்தார். ஒருவன் எடுத்தால் மற்றவன் காத்திருக்கவேண்டும். பொறுமை பற்றி அவர் பாடம் நடத்தவில்லை. அறையின் அமைப்பே நடத்திற்று. (எங்கள் வகுப்பிலும் கத்தரிக்கோல் ஒன்றே உண்டு. அது கல்வித் தத்துவத்தினால் அன்று.)

1908 திசம்பரில் மெசீனா நகரைப் பூகம்பம் அழித்தது. தாய் தந்தையரை இழந்த ஏறத்தாழ அறுபது பிள்ளைகள் உரோமாபுரியில் ஒரு கன்னியர் மடத்துக்கு வந்தனர். பேச்சில்லை, உணவில் நாட்டமில்லை, இரவெல்லாம் அழுகை. அம்மையார் முறையில் அங்கே அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டவை மேசை விரித்தல், உணவு பரிமாறுதல், நாற்காலியை ஓசையின்றி நகர்த்துதல் முதலியன. நாளடைவில் அவர்கள் உண்டனர், உறங்கினர், ஓடி விளையாடினர். 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணிற் புதையுண்டதை அறிந்த மலையக ஆசிரியர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவர் குறையற்றவர் அல்லர். 1924 முதல் முசோலினியின் ஆதரவை ஏற்றுப் பள்ளிகளைப் பெருக்கினார். 1934இல் அவ்வரசே அவற்றை மூடிற்று. சர்வாதிகாரியின் நிழலில் குழந்தையின் சுதந்திரம் தழைக்கும் என்று அவர் நம்பியது வியப்பே.

1939இல், 69ஆம் வயதில், சென்னை அடையாற்றுக்கு வந்தார். பிரமஞான சபையார் அழைத்திருந்தனர். ஏறத்தாழ முந்நூறு ஆசிரியர் ஓலைக் கொட்டகைகளில் அமர்ந்து கேட்டனர். அவர் இத்தாலிய மொழியிற் பேச, மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தாயின் மறைவுக்குப் பின் அம்மையார் மகனைத் தம்மிடம் அழைத்துக்கொண்டிருந்தார். ஆயினும் ஊராரிடம் நெடுங்காலம் உறவினன் என்றே சொல்லி வந்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் பிரித்தானிய அரசு மரியோவைச் சிறைமுகாமில் அடைத்தது. அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளுக்கு இராசப்பிரதிநிதி அனுப்பிய தந்தியில், பரிசாக உம் மகனை விடுவிக்கிறோம் என்ற செய்தி இருந்தது. மறைத்து வைத்த சொல்லை அந்நிய அரசின் தந்தி வெளியிட்டுவிட்டது!

பின்னர் 1942 முதல் கொடைக்கானல் மலையில் வாழ்ந்தார். பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகக் கற்றனர். இலையும் பூச்சியும் கல்லும் பாடப்பொருளாயின. அப்பணியில் உதவியவர்களுள் இலங்கைப் பெண்மணியான லீனா விக்கிரமரத்னவும் ஒருவர். 1944இல் அம்மையார் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு அப்பயிற்சியின் ஒளி எட்டவில்லை. வறியோர் குடியிருப்பில் பிறந்த முறை, பல நாடுகளில் பணம் படைத்தோர் பள்ளிகளின் அணிகலனாகிவிட்டது. அதற்கு அவரைக் குறைகூற இயலாது.

1952 மே 6இல், ஒல்லாந்தின் கடற்கரையூரான நோர்ட்வைக்கில் அம்மையார் காலமானார். வயது 81. ஆபிரிக்காவுக்குச் சென்று ஆசிரியர்களைப் பயிற்றுவது குறித்து அப்போதும் மரியோவுடன் பேசிக்கொண்டிருந்தார்.