கிராம் என்னும் டெனிஷ் வைத்தியர்

டென்மார்க் நாட்டின் பெரியோரை எண்ணும்போது, கதை சொன்ன அன்டர்சனும் அணுவை ஆராய்ந்த நீல்ஸ் போரும் நம் நினைவுக்கு வருகின்றனர். உலகெங்கும் வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் நாள்தோறும் உச்சரிக்கப்படும் மற்றொரு டெனிஷ் பெயரை நாம் மறந்துவிடுகின்றோம். அது கிராம் என்பதாகும். உயிரியல் நூலில் இச்சொல்லைக் காணும் மாணவர் சிலர் நிறையை அளக்கும் கிராம் என்றே எண்ணிவிடுவர். இது ஒரு மனிதரின் பெயர்.

ஹான்ஸ் கிறிஸ்ரியன் யோக்கிம் கிராம் 1853ஆம் ஆண்டு செப்ரெம்பர் 13ஆம் நாள் கொப்பன்ஹேகனில் பிறந்தார். தந்தையார் சட்டப் பேராசிரியர். மகனோ முதலில் தாவரவியலை நாடி, பின்னர் மருத்துவம் பயின்று 1878இல் பட்டம் பெற்றார். மேலும் கற்கும் ஆவலுடன் ஜேர்மனி சென்று, பேர்லின் நகரில் கார்ல் பிரீட்லெண்டர் என்னும் அறிஞரிடம் பணியாற்றினார்.

நியூமோனியாவினால் பலர் மாண்ட காலம் அது. இறந்தோரின் சுவாசப்பைத் துண்டங்களை நுணுக்குக்காட்டியில் வைத்தால், இழையமும் பற்றீரியாவும் ஒரே சாயத்தில் தோய்ந்து, எது எதுவெனப் பிரித்தறிய இயலாதிருந்தன. கிராம் ஊதாச் சாயமிட்டு, அயடீன் கரைசல் சேர்த்து, பின் அற்ககோலினால் கழுவினார். இழையத்தின் நிறம் நீங்கியது. பற்றீரியாக்கள் மட்டும் கருவூதாவாய்த் துலங்கின. எனினும் ஒரு குறை இருந்தது. நெருப்புக் காய்ச்சலை உண்டாக்கும் பற்றீரியாக்கள் போன்ற சில, சாயத்தைத் தக்கவைக்காது இழந்துவிட்டன. 1884இல் தம் முறையை வெளியிட்டபோது, அது குறைபாடுடையதே என்று அவர் அடக்கத்துடன் ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 30.

அவர் குறையெனக் கருதியதே பெரும் பயனாயிற்று. சாயத்தைப் பற்றிக்கொள்பவை கிராம் நேர், இழப்பவை கிராம் எதிர் எனப் பற்றீரியா உலகம் இரண்டாக வகுக்கப்பட்டது. முன்னவற்றின் கலச்சுவர் தடித்தது. பின்னவற்றின் சுவர் மெல்லியது, ஆயின் அதன்மேல் புறமென்சவ்வொன்று உண்டு. இக்காரணம் நெடுங்காலத்தின் பின்னரே விளங்கியது. இங்கே பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: வைத்திய அறிக்கையில் 'கிராம் நெகற்றிவ்' என்றிருந்தால் நோயில்லை என்று மகிழ்ந்துவிடலாகாது!

நாடு திரும்பிய கிராம் 1891இல் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியரானார்; 1900இல் மருத்துவப் பேராசிரியரானார். நாட்டின் மருந்து நூலை வகுக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கிப் பயனற்ற பழைய மருந்துகளைக் களைய முற்பட்டார். இப்பணியும் சாயப்பணிக்குக் குறைந்ததன்று என்பது எம் கருத்து. 1923இல் ஓய்வு பெற்று, 1938 நவம்பர் 14ஆம் நாள் மறைந்தார்.

நுண்ணங்கிகளே நுண்ணங்கிகளைக் கொல்லும் மருந்தைத் தருகின்றன என்பது வைத்தியத்தில் பரவலாகப் பயன்பட்டதை அவர் காணவில்லை. பூஞ்சையிலிருந்து கிடைத்த பெனிசிலின் நோயாளருக்கு முறையாக ஏற்றப்பட்டது 1941இல். மண்ணில் வாழும் பற்றீரியாவிலிருந்து ஸ்ரெப்ரோமைசின் பிரிக்கப்பட்டது 1943இல். பெனிசிலின் பெரும்பாலும் கிராம் நேர் இனங்களையே வென்றது. கிராம் எதிர் இனங்களின் புறமென்சவ்வு பல மருந்துகளை உள்ளே விடுவதில்லை. 2017இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பட்டியலில், புதிய மருந்து மிக அவசரமாகத் தேவைப்படும் முதற்பிரிவில் இருந்தவை அனைத்தும் கிராம் எதிர் இனங்களே.

கொப்பன்ஹேகனுக்கு அருகே, லிங்பியிலுள்ள டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், மண்ணுயிரிகளின் மரபணுக்களுக்குள் மறைந்திருக்கும் அத்தகைய மருந்துகளை ஆய்வாளர் தேடி வருகின்றனர். இத்துறையைக் கற்கவெனக் கோடைப் பள்ளிகளில் கூடும் இளம் விஞ்ஞானிகளுள் பலர், பேர்லினுக்குப் புறப்பட்ட கிராமின் வயதினரே. புதிய பற்றீரியா ஒன்று கையில் கிடைத்தால் அவர்களுக்கும் அந்த ஊதாச் சாயம் கைகொடுக்கும்.