ஒரு கை, எண்பத்தெட்டுக் கட்டைகள்

ஒர்க்‌ஷாப்பில் நமக்கு முதல் நாளே சொல்லித் தருவது என்ன? கை பத்திரம்! நம்ம டிப்ளமோ பாதி இந்தக் கையில்தான் இருக்கு. கையையே நம்பி வாழும் ஒருவருக்கு அந்தக் கையே போய்விட்டால்? இதற்கு வாழ்ந்து பதில் சொன்னவர் பியானோ கலைஞர் பால் விட்கன்ஸ்டைன்.

1887-ல் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பிறந்தார். அப்பா கார்ல், பெரிய எஃகு ஆலை அதிபர். தம்பி லுட்விக், நம்மைப் போல மெக்கானிக்கல் படித்துவிட்டு, பிறகு உலகப் புகழ் பெற்ற தத்துவ மேதையானவர். பாலுக்கோ பியானோதான் உயிர். 1913-ல் முதல் பெரிய கச்சேரி செய்தார். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர்! போர்முனையில் முழங்கையில் குண்டு பாய, வலது கையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. ரஷ்யர்களிடம் கைதியாகி, சைபீரியாவில் ஓம்ஸ்க் முகாமுக்குப் போனார்.

அங்கே பியானோ ஏது? ஒரு மரப்பெட்டி மேல் கரியால் கட்டைகளை வரைந்து, இடது கையால் சாதகம் பண்ணினாராம். சத்தமே வராத சாதகம்! தன் ஆசிரியர், பார்வையற்ற இசை மேதை யோசப் லபோருக்கு, ஒரு கைக்கு இசை எழுதித் தரும்படி சொல்லி அனுப்பினார். 1915-ல் ஊர் திரும்பி, 1916-ல் லபோரின் அந்த இசையுடன் மறுபடி மேடை ஏறினார்.

இது மனஉறுதியால் மட்டும் நடந்ததா? இல்லை, டெக்னிக்கும் இருக்கு. இரண்டு கையால் வாசிக்கும்போது பெரும்பாலும் இடது கைக்குக் கீழ் ஸ்வரங்கள், வலது கைக்குப் பாட்டு. இவர் அந்தப் பாட்டை இடது கைக் கட்டை விரலிடம் கொடுத்தார். கீழே ஒரு ஸ்வரத்தைத் தட்டியதும் காலால் பெடலை மிதித்தால் அந்த ஒலி நின்று பேசும். அதற்குள் கை மேலே தாவிவிடும். கேட்பவருக்கு இரண்டு கை வாசிப்பது போலவே இருக்கும்!

அப்பாவின் சொத்து இருந்ததால், பெரிய இசையமைப்பாளர்களிடம் பணம் கொடுத்து ஒரு கை இசையை எழுதி வாங்கினார். அதில் புகழ் பெற்றது பிரெஞ்சுக்காரர் ராவெல் எழுதியது. 1932-ல் வியன்னாவில் வாசித்தார். ஆனால் தன் இஷ்டத்துக்கு மாற்றி வாசித்ததால் ராவெலுக்குக் கோபம்.

சும்மா புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. காசு கொடுத்து வாங்கிய இசையை மற்றவர் தொட அவர் விடமாட்டார். ஹிண்டமித் 1923-ல் எழுதித் தந்தது பிடிக்காமல் தானும் வாசிக்கவில்லை, பிறருக்கும் தரவில்லை. 2002-ல்தான் அது வெளியே வந்தது. 2004-ல் பெர்லினில் அதை முதன்முதலாக வாசித்தவர் லியோன் ஃப்ளைஷர். அவரும் நோயால் பல ஆண்டுகள் வலது கைப் பயன்பாட்டை இழந்திருந்தவரே! புரோகோஃபியேவ் 1931-ல் எழுதியதும் இவர் வாசிக்காமலே கிடந்தது. 1956-ல் அதை அரங்கேற்றியவர், இரண்டாம் உலகப்போரில் வலது கை இழந்த சீக்ஃப்ரீட் ராப். யோசித்துப் பாருங்கள்: அதே வலி பட்டவர்கள் எத்தனை காலம் காத்திருந்தார்கள்!

ஆனாலும் அவருக்குள் ஒரு வாத்தியார் இருந்தார். 1931 முதல் வியன்னா இசைக்கல்லூரி ஒன்றில் கற்பித்தார். யூத வம்சாவளி என்பதால் 1938-ல் நாஜிகள் ஆட்சியில் அந்த வேலை பறிபோனது. அமெரிக்கா போய் அங்கும் கற்பித்தார். 1957-ல் இடது கைப் பயிற்சிக்கென்றே மூன்று பாகங்களாகப் புத்தகம் வெளியிட்டார். 1961-ல் காலமானார்.

பூட்டி வைத்த இசை பல வருஷம் ஊமையாகக் கிடந்தது. சொல்லிக் கொடுத்த வித்தையோ அவர் காலத்திலேயே பல கைகளுக்குப் போய்விட்டது. ஆகவே நண்பர்களே, பரீட்சை நேரத்தில் பக்கத்து ரூம்காரன் நோட்டு கேட்டு வந்தால் பூட்டி வைக்காதீங்க. கொடுங்க!