வழக்கு மன்றமும் வட்டத்தொட்டியும்

கடையநல்லூரிலிருந்து தெற்கே செல்லும் சாலை தென்காசியைத் தொட்டுக் குற்றாலத்தை அடைகிறது. சாரல் காலத்தில் அருவியை நாடிச் செல்வோரிடையே, கம்பனைக் கேட்பதற்காகவே அங்குச் சென்றோரும் ஒரு காலத்தில் இருந்தனர். அவர்களை ஈர்த்தவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார்.

1882இல் பிறந்த அவர் சட்டம் பயின்று நெல்லையில் வழக்கறிஞரானார். படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு அதனினும் மதிப்புடைய தொழில் அந்நாளில் அரிது. ஆயினும் அவர் உள்ளம் அதில் ஒன்றவில்லை. அதற்காக உலகத் தொடர்பை அறுத்துக்கொண்டு ஒதுங்கியவரும் அல்லர். சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராக இருந்தார்; 1930 முதல் 1935 வரை இந்து அறநிலைய ஆணையராகவும் பணியாற்றினார். கடமைக்குரியதைக் கடமைக்கு அளித்து, எஞ்சிய பொழுதைக் கவிதைக்கு அளித்தார். எஞ்சிய பொழுதே பெரிதாக நின்றது என்பது வேறு செய்தி!

1920களில் வண்ணாரப்பேட்டை இல்லத்தில் ஞாயிறு மாலைகளில் நண்பர்கள் கூடினர். அதுவே வட்டத்தொட்டி. சங்கங்களுக்குரிய சடங்குகள் எவையும் அதற்கில்லை. ஒரு பாடலை எடுத்து, திரும்பத் திரும்பப் பாடி, அதன் உணர்ச்சி கேட்போர் நெஞ்சில் இறங்கும்வரை விடமாட்டார். நீதிபதி மகராஜன், பாஸ்கரத் தொண்டைமான் போன்றோர் அவரிடம் சுவை பழகியவர்களே. பதவி முடிந்தபின் குற்றாலமே அவர் இருப்பிடமாயிற்று. ராஜாஜியும் கல்கியும் அங்கு அவருடன் அளவளாவினர். மகன் தீத்தாரப்பனை இழந்த பெருந்துயரையும் கவிதையைப் பற்றிக்கொண்டே அவர் தாங்கினார்.

அவர் மனச்சான்றுக்குக் கடுஞ்சோதனையாக வந்தது கம்பராமாயணப் பதிப்பு. பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் பெரும்பகுதி கம்பன் வாக்கன்று என்பது அவர் துணிபு. செவிக்கும் உள்ளத்துக்கும் ஒவ்வாதவற்றை நீக்கினார். சில இடங்களில் பாடத்தையும் திருத்தினார். ஏட்டுச் சான்று எங்கே என்று புலவர்கள் வெகுண்டனர். அவர்கள் கேள்வி நியாயமானதே. தம் சுவையையே அளவுகோலாக்கியது அவர் குறை. எனினும், உள்ளம் ஏற்காத ஒரு பாடலைப் புலவருலகின் மதிப்பை வேண்டிப் போற்ற அவருக்கு இயலவில்லை. பழியை ஏற்றுக்கொண்டு, பணியை நிறுத்தாது செய்தார்.

1954 பிப்ரவரி 16ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் விலக்கிய பாடல்களும் போற்றிய பாடல்களும் முழுக் கம்பராமாயணப் பதிப்புகளில் இன்றும் அடுத்தடுத்தே அச்சாகின்றன.