நாட்டியப் பெருங்கலைஞர் உதயசங்கர்

உதயசங்கர் என்று சொன்னதும், சித்தார் வித்துவான் ரவிசங்கரின் தமையனாரா என்று நம் இளைஞர்களிற் பலர் கேட்பர். ஆம், தமையனாரேதான். ஆனால் ஒரு காலத்தில் நிலைமை மறுதலையாக இருந்தது. ரவிசங்கர் என்னும் பத்து வயதுச் சிறுவன் பாரிஸ் நகரம் சென்றதும், மேனாட்டு மேடைகளில் ஏறியதும், உதயசங்கரின் கடைசித் தம்பி என்ற ஒரே உரிமையினாலாகும்.

நம் சங்கத்து மலரில் சமயப் பெரியார்களின் வரலாறுகளே பெரும்பாலும் இடம்பெறுவது வழக்கம். இம்முறை ஆடற்கலைஞர் ஒருவரைப் பற்றி எழுத நாம் துணிந்ததற்குக் காரணம் உண்டு. சென்ற மாசியில், காமன் கூத்தை நம் கலைவிழா மேடையில் ஏற்றலாமா என்று எழுந்த வாதத்தைப் பெரியோர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தப்பு அடித்து ஆடுவது படித்த பிள்ளைகளுக்கு அழகன்று என்றார் சிலர். தெய்வ காரியத்தை மேடைக்குக் கொண்டுவரலாகாது என்றார் வேறு சிலர். இளைஞர்களோ அது பழங்கதை என்று சிரித்தனர். மிஷன் பாடசாலையில் படித்த நாமும் அன்று வாய் திறக்கவில்லை. ஒளிவிழா நாடகத்தில் ஆட்டிடையனாக ஆண்டுதோறும் நடித்திருக்கின்றோம். லயத்து வாசலில் தப்பு முழங்கும்போது மட்டும் சன்னலுக்கு உள்ளே நின்றே பார்த்திருக்கின்றோம். அவ்வாதம் நடந்த சில நாட்களின் பின்னரே உதயசங்கரின் வரலாறு பல்கலைக்கழக நூலகத்தில் எம் கண்ணிற் பட்டது.

அவர் பிறந்தது 1900ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், இராஜபுத்தான நாட்டு உதயப்பூரில். ஊரின் பெயரே பிள்ளைக்கும் ஆயிற்று. தந்தையார் சியாம் சங்கர் வங்காள அந்தணர்; வடமொழியிலும் சட்டத்திலும் வல்லவர்; ஜாலவார் சமஸ்தானத்தில் உயர்பதவி வகித்தவர். தாயார் ஹேமாங்கினி தேவி. தாயாரின் ஊராகிய நஸ்ரத்பூரிலேயே சிறுவனின் இளமைக் காலத்திற் பெரும்பகுதி கழிந்தது. அவ்வூரில் மாதாதீன் என்று ஒருவர் இருந்தார். தோற்றொழில் செய்யும் குடியினர். தீண்டத்தகாதவர் என்று ஊரார் ஒதுக்கிவைத்த சேரியைச் சேர்ந்தவர். அவர் ஆடினால் அந்தணச் சிறுவன் உதயன் மெய்ம்மறந்து நிற்பான். பின்னாளில் உலகமெங்கும் புகழ்பெற்றவருக்கு ஆட்டத்தின்மேல் முதன்முதல் ஆசையை மூட்டியவர், அரண்மனை ஆசிரியர் எவருமல்லர், இந்த மாதாதீனே.

ஆயினும் பிள்ளை ஓவியனாக வேண்டும் என்றே வீட்டார் எண்ணினர். 1918இல் பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளியிற் சேர்ந்தார். 1920இல் கப்பலேறி இலண்டன் அரச கலைக்கல்லூரியை அடைந்தார். அக்கல்லூரியின் தலைவர் வில்லியம் ரோதென்ஸ்டைன் இந்தியக் கலையிற் பெரும்பற்றுடையவர், தாகூரின் நண்பர். மேனாட்டு ஓவியத்தைப் பின்பற்றிக்கொண்டிருந்த மாணவனை அவர் பிரிட்டிஷ் நூதனசாலைக்குப் போய் இந்தியச் சிற்பங்களைப் பார்க்குமாறு தூண்டினார். தன் நாட்டுச் செல்வத்தைத் தான் காண இலண்டனுக்குப் போகவேண்டியிருந்த இந்த விந்தை நமக்கும் புதிதன்று. கொழும்பிற் பிறந்த தமிழ் மகனாகிய ஆனந்த குமாரசுவாமி, சிவபெருமானின் நடனத்தைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை 1918இல் ஆங்கிலத்திலேயே வெளியிட்டார். நம்மிற் பலர் நடராசரின் தத்துவத்தை அறிந்துகொள்வது இன்றும் அந்நூலின் வழியாகத்தான்.

அக்காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்த ருஷிய நடனமாது அன்னா பாவ்லோவா, கீழைநாடுகளிற் பயணஞ்செய்து திரும்பியிருந்தார். இந்தியக் கருப்பொருளில் நடனம் அமைக்க அவருக்கு ஓர் இந்தியர் தேவைப்பட்டார். உதயசங்கர் ‘இந்துத் திருமணம்’, ‘இராதையும் கண்ணனும்’ என்னும் இரண்டை அமைத்துக் கொடுத்தார். 1923இல் இலண்டன் கோவென்ட் கார்டன் அரங்கிலே பாவ்லோவா இராதையாகவும், ஓவிய மாணவன் கண்ணனாகவும் ஆடினர். தொடர்ந்து அக்குழுவுடன் அமெரிக்கா முழுவதும் சுற்றினார். அவர் பாலே நடனத்தைக் கற்க விரும்பியபோது பாவ்லோவா தடுத்துவிட்டார் என்றும், உன் நாட்டு ஆடலைத் தேடிப்போ என்ற கருத்துப்பட அறிவுறுத்தினார் என்றும் கூறுவர்.

அதன் பின்னர் பாரிஸில் சில ஆண்டுகள். வறுமையும் இருந்தது, சிறுசிறு விடுதிகளில் ஆடிப் பிழைத்ததும் உண்டு. சிமோன் பார்பியே என்ற பிரெஞ்சுப் பெண் அவரிடம் கற்று, சிம்கி என்ற பெயரில் அவரது ஆட்டத்துணை ஆனார்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமற் கூறவேண்டும். அந்நாட்களில் அவர் இந்து நடனம் என்ற பெயரில் ஆடியதிற் பெரும்பகுதி, சிற்பங்களையும் ஓவியங்களையும் பார்த்துத் தாமே கற்பனையாக அமைத்துக்கொண்டது. எந்தக் குருவிடமும் முறையாகப் பயின்றதன்று. மரபறிந்தவர்கள் இக்குறையை அவர் மறையும்வரை சொல்லிக்கொண்டேயிருந்தனர். குற்றச்சாட்டிற் பொய்யில்லை. ஆனால் அக்குறையை அவர் எவ்வாறு நிவர்த்தி செய்தார் என்பதிலேதான் அவரது பெருமையை நாம் காண்கின்றோம்.

1930இல் அலீஸ் போனர் என்னும் சுவிஸ் நாட்டுச் சிற்பியுடன் தாயகம் திரும்பி, ஊர் ஊராகச் சென்றார். கோயிற் சிற்பங்களைக் கண்டார். கேரளத்திற் கதகளியைக் கண்டார். கிராமத்துக் கூத்துகளையும் விட்டுவைக்கவில்லை. தம்பிமாரையும் உறவினரையும் வாத்தியக்காரரையும் திரட்டிக்கொண்டு பாரிஸ் மீண்டார். 1931 மார்ச் 3ஆம் நாள் ஷாம்ஸ் எலிஸே அரங்கில் அவரது சொந்தக் குழு முதன்முதல் ஆடிற்று. பாவ்லோவா அதனைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. அதற்கு ஆறு வாரங்களுக்குள்ளாகத்தான் அவர் காலமாகியிருந்தார்.

அடுத்த ஆண்டுகளில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அவரைக் கொண்டாடின. உலகம் புகழ்ந்தபின் பிறர் ஆசானாவர், இவரோ மாணாக்கரானார். கதகளி மேதை சங்கரன் நம்பூதிரியின் முன் அமர்ந்து பயின்றார். அவரிடம் கற்று ஆடிய கார்த்திகேயன் நடனம் சங்கரின் சிறந்த ஆட்டங்களுள் ஒன்றாகப் போற்றப்பட்டது. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் நம் மக்களுக்கு அந்தக் கார்த்திகேயன் யாரென்று சொல்லவேண்டியதில்லை.

1930களின் இறுதியில், இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவிற்கு அருகே சிம்தோலா என்னுமிடத்தில் ஒரு கலைநிலையத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தின் டார்ட்டிங்டன் ஹால் எல்ம்ஹர்ஸ்ட் தம்பதியர் பொருளுதவி புரிந்தனர். நம் மலைநாட்டைப் போலவே குளிரும் மூடுபனியும் உள்ள அவ்விடத்திற் கூடிய ஆசான்களை எண்ணும்போதே வியப்பாகின்றது. கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி. மணிப்புரிக்கு அமோபி சிங். இசைக்கு உஸ்தாத் அலாவுதீன் கான். பரதத்துக்குத் தஞ்சை நால்வர் மரபில் வந்த கந்தப்பா பிள்ளை, அதாவது பாலசரஸ்வதியின் ஆசான். பின்னாளில் திரைப்பட மேதையான குரு தத்தும் அங்கே மாணவராயிருந்தார். ஆனால் அடவுகளை மட்டும் மனனஞ்செய்யும் பள்ளியன்று அது. மனிதன் எப்படி நடக்கின்றான், எப்படிச் சுமக்கின்றான், எப்படிச் சோர்ந்து அமர்கின்றான் என்பதையெல்லாம் மாணாக்கர் கவனித்துத் தம் உடலாற் செய்துகாட்டவேண்டும்.

இப்பயிற்சியிலிருந்து பிறந்ததுதான் ‘தொழிலாளரும் இயந்திரமும்’ என்னும் நடனம். நிலத்தை விட்டு ஆலைக்கு வந்தவர்களின் கைகால்கள் மெல்ல மெல்லச் சக்கரங்களாகவும் தண்டுகளாகவும் மாறும் காட்சியை உடலசைவாலேயே காட்டினார். தேவர்களை ஆடிய கால்கள் கூலிக்காரனை ஆடின. இதனைப் படித்தபோது எமக்கு நம் தேயிலை ஸ்டோரே கண்முன் வந்தது. ரோலர் சுழல்வதற்கேற்ப உடம்பு ஆடும். விசில் ஊதியபின்னும் அந்த ஆட்டம் நிற்காது. ஸ்டோரின் ரோதையையே முனியாக்கி, ரோதைமுனி என்று பூசையிட்ட நம் முன்னோர்க்கு அந்த நடனத்தைக் காட்டியிருந்தால், விளக்கவுரை இல்லாமலே விளங்கியிருக்கும்.

உலகப் போரும் பணமுடையும் சேர்ந்து நான்கைந்து ஆண்டுகளிலேயே அந்நிலையத்தை மூடிவிட்டன. உள்ளம் உடையாத சங்கர், அக்கனவையே திரைப்படமாக்கச் சென்னை ஜெமினி ஸ்டூடியோவுக்கு வந்தார். 1948இல் வெளிவந்த ‘கல்பனா’வில் அவரும் மனைவி அமலாவும் நடித்தனர், இளம்பெண்ணாக நம் நாட்டியப் பேரொளி பத்மினியும் தோன்றினார். வசூலையே எண்ணும் பட முதலாளியிடம் ஓர் எழுத்தாளன் தன் கதையைச் சொல்லித் தோற்பதாகப் படம் அமைந்திருக்கும். அக்கதையே படத்தின் கதியும் ஆயிற்று. வசூலில் அது தோற்றது. அதே ஆண்டு அதே ஜெமினியிலிருந்து வந்த ‘சந்திரலேகா’வின் முரசு நடனமோ நாடெங்கும் பேசப்பட்டது.

பின்னைய ஆண்டுகளைச் சுருங்கக் கூறலாம். 1961இல், தாகூர் நூற்றாண்டை ஒட்டி, அவரது கவிதையொன்றை ‘சாமான்ய க்ஷதி’ என்ற நாட்டிய நாடகமாக்கினார். ‘அற்ப நட்டம்’ என்பது அதன் பொருள். நீராடிவந்த காசி அரசி, குளிர்காய்வதற்காக ஏழைகளின் குடிசைகளைக் கொளுத்தச் செய்கின்றாள். நட்டம் அற்பந்தானே என்கின்றாள். அந்தக் குடிசைகளின் விலையை அறிந்துவருமாறு அரசன் அவளைப் பிச்சையெடுக்க அனுப்பிவிடுகின்றான். லயக்காம்பிரா தீப்பற்றி எரிந்த பிறகு சட்டி பானைகளை எண்ணிப்பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கின்றார்கள். அவர்கள் இக்கதையைக் கேட்கவேண்டும்.

1971இல் இந்திய அரசு பத்ம விபூஷண் விருது அளித்தது. 1977 செப்டம்பர் 26ஆம் நாள் கல்கத்தாவில் அன்னாரின் ஆவி பிரிந்தது. பழுதுற்றிருந்த ‘கல்பனா’ப் படச்சுருள் செப்பனிடப்பட்டு 2012இல் பிரான்ஸ் நாட்டுக் கான் திரைவிழாவிற் காட்டப்பட்டபோது, தொண்ணூறு வயதைக் கடந்திருந்த அமலா அம்மையார் நேரிற் சென்று அதனைக் கண்டுகளித்தார். அவர் 2020இல் காலமானார். நஸ்ரத்பூரின் மாதாதீனுக்கு விருதில்லை, படமில்லை. சங்கரின் வரலாற்றை எழுதியோர் ஓரிரு வரியில் அவர் பெயரைச் சொல்லிப் போகின்றனர்.

காமன் கூத்தில் இரதிக்கும் மன்மதனுக்கும் ஆட்டம் பழக்கும் வாத்தியாரை நாம் அண்மையிற் போய்க் கண்டோம். சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கும் கட்டத்தில் தப்பின் அடி எப்படி மாறுகின்றது என்று கேட்டோம். அவர் வாயாற் சொல்ல மறுத்துவிட்டார். மாசி மூன்றாம் பிறையன்று கம்பம் ஊன்றும்போது, செருப்பைக் கழற்றிவிட்டு வட்டத்துக்குள் வந்து நின்றால் காலுக்கே தெரியும் என்றார். எம்முடன் வர இதுவரை நம் சங்கத்து அங்கத்தவர் ஐவர் பெயர் கொடுத்துள்ளனர்.