பாதம் கழுவிய அன்னை

லேக் கார்டன்ஸில் குடியிருக்கும் நம்மவர்களுக்குக் காளிகாட் அதிக தூரமில்லை. காளி கோவிலை ஒட்டி அங்கே 'நிர்மல் ஹ்ருதய்' இல்லம் இருக்கிறது.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று கத்தோலிக்க ஆலயங்களில் குருவானவர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவித் துடைப்பார். இயேசுநாதர் கடைசி இராவுணவில் சீடர்களுக்குச் செய்த தொண்டின் நினைவு அது. ஆண்டுக்கொரு முறை நடக்கும் இந்தச் சடங்கை அன்றாட வேலையாக்கிக் கொண்டவர் அன்னை தெரசா.

ஸ்கோப்யே நகரில் அல்பேனியக் குடும்பத்தில் 1910-இல் பிறந்த அவர், 1929-இல் கல்கத்தா வந்தார். என்டாலி பள்ளியில் ஆசிரியை. பிறகு தலைமை ஆசிரியை. 1948-இல் மடத்தின் பாதுகாப்பை விட்டு வெளியேறி, பாட்னாவில் நர்ஸ் வேலை பழகிக்கொண்டு, மோதிஜீல் சேரிக்குப் போனார். 1950-இல் அவரது சபைக்கு ரோமாபுரியின் அனுமதி கிடைத்தது.

தெருவில் சாகக் கிடந்தவர்களுக்காக 1952-இல் காளிகாட் யாத்ரீகர் சத்திரத்தை மாநகராட்சி ஒதுக்கியது. மதம் மாற்றத்தான் வந்திருக்கிறார் என்று எதிர்ப்புக் கிளம்பியது. ஆனால் காசநோய் கண்ட கோவில் பூசாரி ஒருவரையே அந்த இல்லம் ஏற்றுப் பராமரித்தபின் எதிர்ப்பு தணிந்தது.

தொழுநோயில் பாதம் மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது. புண் புரையோடி விரல் போகும். தினமும் பாதத்தைக் கழுவி, புண் இருக்கிறதா என்று பார்த்து, எண்ணெய் தடவுவதே பாதி வைத்தியம். அன்னையின் சபை டிட்டாகரில் ரயில் பாதையோரம் தொழுநோயாளிகளுக்கு நிலையம் அமைத்தது. சகோதரிகள் உடுத்தும் நீலக்கரைச் சேலைகளை அங்கே நெய்பவர்கள் நோயாளிகளே. தர்மம் வாங்கிய கைக்குத் தொழிலும் கிடைத்தது. நமக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

1964-இல் போப்பாண்டவர் கொடுத்த காரைக் குலுக்கலில் விட்டுத் தொழுநோயாளிகள் குடியிருப்புக்குப் பணம் சேர்த்தார். 1979-இல் நோபல் விருந்தை நிறுத்தச் சொல்லி, அந்தத் தொகையை ஏழைகளுக்குக் கேட்டு வாங்கினார்.

குறை சொன்னவர்களும் உண்டு. காளிகாட்டில் வலி தணிக்கும் மருந்து போதாது என்று 1994-இல் லண்டன் மருத்துவ இதழான 'லான்செட்' எழுதியது. அன்பு இருந்தும் மருந்து குறைந்தது என்ற அந்தக் குற்றச்சாட்டை லேசாகத் தள்ளிவிட முடியாது.

ஒரு விசித்திரம். 1955-இல் வகுத்த சடங்கு விதிப்படி, பெரிய வியாழனன்று பாதம் கழுவப்பட வேண்டியவர்கள் ஆண்கள் மட்டுமே. ஊரார் புண்ணையெல்லாம் கழுவிய அன்னைக்கு, விதிப்படி அந்தப் பன்னிருவர் வரிசையில் இடமில்லை. 1997 செப்டம்பர் 5-இல் அவர் காலமானார். போப் பிரான்சிஸ் காலத்தில், 2016 ஜனவரியில்தான் பெண்களையும் சேர்த்து விதி மாறியது. அதே ஆண்டு செப்டம்பர் 4-இல் அன்னை புனிதராக அறிவிக்கப்பட்டார்.